ஹிரியூர் வரைக்கும்

வண்டி வந்த அன்று எங்கள் வாசலில் நின்றவர்கள் இவர்கள். என் வீட்டுக்காரர். வண்டியை விற்ற தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் இளைய மகன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த மெக்கானிக். அடுத்த வீட்டு மதினி. பிறகு நான். ஐந்து பேர். நான் கதவுக்கு உள்ளே பாதி, வெளியே பாதியாக நின்றேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்றோ நான்கோ வருடம் ஆகியிருக்கும். அந்த மாதிரி மோட்டார் சைக்கிள் கோவில்பட்டியில் அப்போது இரண்டோ மூன்றோதான். க்ரூசர் என்றார்கள். இருக்கை தாழ்ந்து கிடக்கும். கைப்பிடி உயர்ந்து அகன்று இருக்கும். ஓட்டுகிறவர் காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். முதலாளி மகன் அதில் இரண்டு தடவை குற்றாலம் போய் வந்து ஆசை தீர்ந்து விற்றுவிட்டான். மதினி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். “ஏட்டி, கட்டில்ல சாஞ்சுக்கிட்டே ஓட்டுத மாதிரில்லா இருக்கு. தலகாணி ஒண்ணுதான் குறைச்சல்” என்றாள். என் வீட்டுக்காரருக்கும் சிரிப்பு வந்தது.

அவர் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டினவர். தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு ஹூப்ளி போவார். வரும்போது வெங்காயமோ மிளகாயோ ஏற்றி வருவார். கிருஷ்ணகிரி, தும்கூர், சிரா, ஹிரியூர், தாவணகெரெ என்று ஊர்ப் பெயர்களை நான் அவர் வாயால் கேட்டதுண்டு. பார்த்ததில்லை. லாரியில் பெண்டாட்டியை ஏற்றுகிற வழக்கம் அவர்களிடம் கிடையாது. நானும் கேட்டதில்லை. நான் அதே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஓட்டிப்போன பண்டலில் என் கை பட்ட குச்சியும் இருந்திருக்கும். அவ்வளவுதான் நான் போன தூரம்.

பிறகு அவருக்கு முதுகுத் தட்டு தேய்ந்துவிட்டது. இனிமேல் லாரி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். முதலாளி தங்கமானவர். ஆபீஸ் கேட்டில் வாட்ச்மேன் வேலை தருகிறேன், அடுத்த மாதம் முதல் தேதியில் வந்து உட்காரும் என்றார். அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாவது நாள் இந்த வண்டியைப் பேசி முடித்தார். “நாற்காலில உக்காருததுக்கு முன்னால ஒரு தடவை ஹூப்ளி போயிட்டு வந்துருவோம். நீயும் வா” என்றார். சாய்ந்து உட்காருகிற வண்டி, முதுகுக்கு நோகாது என்பது அவர் கணக்கு. போய்ச் சேர்ந்துவிட்டால் தான் இன்னும் ரோட்டு ஆள்தான் என்று அவருக்கு அவரே சொல்லிக்கொள்ளலாம். இதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மெக்கானிக் மட்டும் இழுத்தான். “அண்ணாச்சி, இஞ்சின் யானை. நேர் ரோட்டுல நாளெல்லாம் ஓடும். ஆனா பின்னால ஸ்பிரிங்கு குட்டை. ரெண்டு பேரு, அதுலயும் அம்புட்டு தூரம்… யோசிச்சுக்கோங்க.”

“ஏலே, ஸ்பிரிங்கப் பத்தி எனக்குச் சொல்லித் தாரியா? லோடு இல்லாத வண்டி துள்ளத்தான் செய்யும். லோடு போட்டா உக்காரும்.”

“அது லாரிக்கு, அண்ணாச்சி.”

“வண்டின்னா எல்லாம் வண்டிதாம்லே.”

லோடு போட்டார். லாரி ஓட்டின காலத்தில் வழியில் சோறு போட்டவர்கள், பஞ்சர் பார்த்தவர்கள், படுக்க இடம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் கடலை மிட்டாய். ஆளுக்கு ரெண்டு கிலோ. கருப்பட்டி வேறே. இரண்டு சாக்கில் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, லாரிக்குப் போடுகிற முடிச்சுப் போட்டு இறுக்கினார். கால் வைக்கிற இடத்தைச் சாக்கு மறைத்துவிட்டது. நான் ஒரு பக்கமாக உட்கார்ந்து சாக்கின் மேல் காலை வைத்துக்கொண்டேன். பின் இருக்கை ஒரு மணைப்பலகை அகலம்கூட இல்லை. நம் வீட்டுப் பருத்தியில் மெத்தை தைத்து அதன் மேல் போட்டிருந்தேன். சாத்தூர் தாண்டுவதற்குள் அது கல்லாகிவிட்டது.

ஆனாலும் சொல்ல வேண்டும். மதுரை தாண்டினதும் வண்டி ஓடின ஓட்டம் ஓட்டம்தான். சத்தம் தணிந்து, அடியில் மாடு அசை போடுகிற மாதிரி ஒரு அதிர்வு. காற்று முகத்தில் அடித்தது. பாலம் வந்தால் அவர் கையை நீட்டிக் காட்டுவார். நான் பார்ப்பேன். இரவு கிருஷ்ணகிரியில் தங்கினோம். பஞ்சர் கடைக்காரர் மிட்டாயை வாங்கிக்கொண்டு, இவியதான் வீட்டம்மாவா என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை வருடமும் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருந்தாரோ. எனக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. நான் சொல்லவில்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் பெங்களூர் தாண்டி ரோட்டு வேலை நடந்தது. நாலு வழிப் பாதைக்காக மண்ணை வெட்டிப் போட்டிருந்தார்கள். மைலுக்கு ஒரு மாற்றுப் பாதை. ஒவ்வொரு குழியிலும் வண்டியின் பின்பக்கம் அடி வரைக்கும் இறங்கி ‘டக்’ என்று இடிக்கும். அந்த இடி நேரே நடுமுதுகில் ஏறும். லாரி ஓட்டுகிறவர் குழியைப் பார்த்தால் காலை ஊன்றி உடம்பைச் சற்றுத் தூக்கிக்கொள்ளலாம். இதில் கால் முன்னால் நீட்டிக் கிடக்கிறது. ஊன்ற முடியாது. அத்தனை இடியையும் உட்கார்ந்தபடி வாங்க வேண்டும். சாக்கு கனக்கக் கனக்க இடி கூடும். அவர் இருபத்திரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டது அங்கே தலைகீழாக நின்றது.

சிரா பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். இவர் கை கழுவப் போனபோது என்னிடம் வந்து, “அம்மா, இவருக்கு முதுகு எப்படி? இப்பவும் செங்கல் சுடணுமா?” என்றார். என்ன செங்கல் என்று கேட்டேன். ஆறு வருடமாக ஒவ்வொரு நடைக்கும் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வாராம். இவர்கள் அடுப்பில் செங்கல் சுட்டுச் சாக்கில் சுற்றி முதுகில் வைப்பார்களாம். எனக்கு ஒரு வருடக் கதைதான் தெரியும். ஐந்து வருடம் அவர் வீட்டுக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்து என்னோடு சோறு தின்றிருக்கிறார்.

அவர் வந்ததும் நான் ஏறி உட்கார்ந்தேன்.

ஹிரியூரில் பொழுது சாய ஒரு கடை முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி நின்றேன். “என்ன?” என்றேன். “காலைத் தூக்க முடியல” என்றார். கடையிலிருந்து இரண்டு பேர் வந்து அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி இறக்கினார்கள். ஒருவன் சிரித்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலையில் நம் ஊர்த் தீப்பெட்டி லாரி ஒன்று நின்றது. டிரைவர் இவரிடம் தொழில் படித்தவன். “ஏறுங்க அண்ணாச்சி. மதினி, நீங்களும் ஏறுங்க. சாயங்காலம் ஹூப்ளில இறக்கி விடுதேன். வண்டி இங்கன கிடக்கட்டும். தீப்பெட்டி லோட்டு மேல பெட்ரோல் வண்டிய ஏத்தக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்திய” என்றான்.

“ஏலே, லாரில போறதுக்கா நான் வந்தேன்?” என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அந்த லாரி கண்ணுக்கு மறைந்த பிறகு என்னைப் பார்த்தார். “நீ சொல்லு. போவமா, திரும்புவமா?”

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. போவோம் என்றிருந்தால் போயிருப்பார். வழியில் என்ன ஆகியிருந்தாலும் போயிருப்பார். எனக்குச் செங்கல் ஞாபகம் வந்தது.

“திரும்புவோம்” என்றேன்.

சரி என்றார். சாயங்காலம் வெங்காய லாரி ஒன்று தெற்கே வந்தது. மூட்டை மேல் வண்டியை ஏற்றிக் கட்டினார்கள். முடிச்சை அவர் கீழே நின்று பார்த்துக்கொண்டார். நான் முதல் தடவையாக லாரியில் முன்னால் உட்கார்ந்தேன். எல்லா ஊரும் தெரிந்தது.

முதல் தேதி நாற்காலியில் உட்கார்ந்தார். வண்டியைப் புதூர்ப் பையன் ஒருவன் வாங்கிப்போனான். அவன் தனியாக, சாக்கு இல்லாமல், கோவா வரைக்கும் போய் வந்தான். ஒரு நோவும் இல்லை என்றான். அந்த மாதிரி வண்டி நெடுந்தூரத்துக்கு ஆகுமா என்று இப்போதும் யாராவது கேட்பார்கள். ஆகும். ரோடு நன்றாக இருக்க வேண்டும். பின்னால் ஆள் இருக்கக் கூடாது, லோடு இருக்கக் கூடாது. முதுகு இருக்க வேண்டும். வண்டி மேல் குற்றம் இல்லை. நான் சொன்ன பதில் மேல் குற்றம் உண்டா என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை. அவரை வலியிலிருந்து இறக்கினேனா, ரோட்டிலிருந்தே இறக்கினேனா. அவர் என்னைக் குறை சொன்னதில்லை. ஹூப்ளி என்ற பேச்சையும் அதற்குப் பிறகு எடுத்ததில்லை.

போன வருடம் என் மகளும் மருமகனும் கார் எடுத்து ஹூப்ளி வழியாக ஏதோ கோயிலுக்குப் போனார்கள். அவரையும் கூப்பிட்டார்கள். வரவில்லை என்றுவிட்டார். “நீ போயிட்டு வா” என்றார். போனேன். ஹிரியூரில் காரை நிறுத்தச் சொல்லி மீட்டரைப் பார்த்து வைத்துக்கொண்டேன். மருமகனுக்குக் காரணம் புரியவில்லை. ஹூப்ளியில் மறுபடியும் பார்த்தேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவில்லை. கோயில் எப்படி என்று கேட்கவில்லை. இதைத்தான் கேட்டார்.

“ஹிரியூர்ல இருந்து எம்புட்டு இருந்துச்சு?”

“இருநூத்தி நாப்பத்தி நாலு.”