பெயின்ட் மேல் முடுக்கிய எர்த்து

அந்தப் பழைய தண்ணி லாரி மூன்றாவது தடவையாகப் பீர் முஹம்மதுவின் பட்டறை வாசலில் வந்து நின்றது. அவர் சைதாப்பேட்டையில் முப்பது வருஷமாக லாரி ஒயரிங் பார்க்கிறவர். விடியற்காலை லோடுக்குக் கிளம்பும்போது ஹெட்லைட்டைப் போட்டால் போதும், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிடும். இன்ஜினோ சூடே ஆகியிருக்காது. இரண்டு சென்சார் மாற்றியும் தீரவில்லை. "டிரைவர் ஏதோ ஒயர்ல கை வெச்சிருப்பான்" என்று லாரி முதலாளி வைரவனிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கே டிரைவர் ஆனந்தகுமாருக்கு வேலை போயிற்று.

இப்போது வண்டியைக் கொண்டுவந்தவன் புது ஆள். "அதே கம்ப்ளெயின்ட்தான் பாய். நான் ஒண்ணியும் தொடல, என் பேர சொல்லிடாத" என்றான்.

பீர் முஹம்மதுவுக்குச் சுருக்கென்றது. பேட்டரி மைனஸிலிருந்து தனியாக ஒரு ஒயர் இழுத்து கேபினில் வைத்துவிட்டு, லைட்டைப் போடச் சொன்னார். முள் அசையவில்லை. அப்படியென்றால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்து வழியில்தான் கோளாறு. அடியில் படுத்து, கேபின் எர்த்து கேபிளை அடிச்சட்டத்தில், சேஸிஸில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினார். பளபளவென்று கறுப்புப் பெயின்ட். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்டுவதற்காக அடித்தது. சுரண்டாமல் அதன் மேலேயே முடுக்கியிருந்தது; பெயின்ட் கரண்டைச் சரியாக விடாது.

முடுக்கியது அவர் கைதான். பெயின்ட் அடித்து வண்டி வந்த அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு நேரமாகிறதே என்ற அவசரம். சுரண்ட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அன்று பள்ளிவாசலில் முதல் வரிசையில் போய் நின்றாரே, அதை நினைத்தபோது வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவே கூசியது. யா அல்லாஹ், ஒருத்தன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டல்லவா உன் முன்னால் குனிந்தேன்.

பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டை முடுக்கிவிட்டு வைரவனுக்குப் போன் போட்டார். "தப்பு என்னுதுங்க. அந்த ஆனந்தகுமார் புள்ள மேல ஒண்ணுமில்ல."

"வண்டி சரியாயிட்டுல்ல? விடுங்க பாய்."

"எப்படிங்க விடறது? அவன திரும்ப வெச்சிக்கோங்க."

வைரவன் கொஞ்சம் யோசித்தார். "என்னோட இன்னொரு வண்டிக்கு ஆள் வேணும்தான். நீங்களே போய்க் கூப்பிடுங்க."

கொட்டிவாக்கத்து வீட்டில் ஆனந்தகுமார் கதவைப் பாதிதான் திறந்தான். "இன்னா பாய், என் கைல ஒயர் ஒட்டிக்கினு கீதான்னு பாக்க வந்தியா?"

"எர்த்த தப்பா கட்னது நான்தான், நைனா. மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். வேலைக்குக் கூப்பிடறாரு."

"அவருகிட்ட சொன்னா ஆச்சா? தண்ணி புடிக்கிற எடத்துல அத்தினி டிரைவருங்களும் என்னிய பாத்து சிரிச்சானுங்களே. அங்க வந்து சொல்லு."

"இப்பவே வர்றேன்."

அவன் சட்டையை எடுக்க உள்ளே போனான். பீர் முஹம்மது வெயிலிலேயே நின்றார்; அத்தனை டிரைவர்கள் முன்னால் முதல் வார்த்தையை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.