தண்ணீர் மாப்பிள்ளை

ரூஹி இரண்டு கைகளாலும் தாங்கித் தூக்கிக்கொண்டு போகிறாள். குழந்தை இல்லை, பூசணிக்காய் பருமனில் ஒரு பிளாஸ்டிக் உருண்டை, உள்ளே தண்ணீர். அதை மெஷின் கட்டிலின் நடுவே படுக்கவைத்து, லைட் கோடு அதன் நெற்றியில் சரியாக விழுகிறதா என்று குனிந்து பார்க்கிறாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், "உள்ள தண்ணி ஆடிக்கினு இருக்கும்மா, அடங்கட்டும்" என்கிறாள். வெளியே காத்திருக்கும் நோயாளிகளின் வயிற்றில் ஆடுகிற தண்ணீருக்கு இந்த மரியாதை கிடையாது.

அடையாற்றிலுள்ள இந்த ஆஸ்பத்திரியின் கதிர் மெஷின், காந்தத்தால் உடம்பைப் படம் பிடித்துக்கொண்டே புற்றுக்கட்டியைச் சுடும். அந்தப் படம் கோணாமல் விழுகிறதா என்று தினமும் காலையில் உருண்டையை வைத்துச் சோதிப்பது ரூஹியின் உத்தியோகம். காத்திருக்கும் நாங்கள் உருண்டைக்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டோம். ஒரு நோயும் இல்லை, ஆனாலும் முதல் உபசாரம் அதற்குத்தான்.

வீட்டார் யாரென்று தெரியாமல் எனக்கு ஒரு ஆள் பிடிபடாது. விசாரித்தேன். ராயப்பேட்டை குலாம் முகம்மதுவின் மூன்றாவது மகன் பெற்ற பெண். என் தங்கை கல்யாணத்துக்கு ரவிக்கை தைத்தவர் அந்தத் தாத்தா. கழுத்து ஒரு நூல் ஏறிவிட்டதென்று, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் அத்தனையையும் பிரித்துப் போட்ட புண்ணியவான். பேத்தி வேறு எப்படி இருப்பாள்? காந்தத்துக்கு உலோகம் ஆகாதென்று வளையல் இல்லை, துப்பட்டாவில் ஊக்கு இல்லை, தலைமுடிக்குக்கூடத் துணி நாடாதான். "இன்னிக்கு மெஷின் எப்படி?" என்றால், "பரவால்ல." அவள் வாயில் வரும் உச்சபட்சப் புகழ்ச்சி அது.

போன செவ்வாய்க்கிழமை என் சித்தி மகன் வைரவன் முதல் ஆள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். அவனுக்குக் கட்டி மூத்திரப்பைக்கு அடியில். தண்ணீர் குடித்துப் பையை நிரப்பி, அடக்கிக்கொண்டு படுக்க வேண்டும்; அப்போதுதான் பை கதிருக்கு ஒதுங்கி நிற்குமாம். அவனும் குடித்துவிட்டுக் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையிலோ மாப்பிள்ளையின் கன்னத்தில் பெரிய குழி.

"இப்ப யாரும் உள்ள போகக்கூடாது" என்றாள் ரூஹி.

"ஏ தாயி, கோணல் அந்த உருண்டைக்குத்தானே? எனக்கென்ன?"

"படம் கோணினா உங்க கட்டியும் எடம் மாறித்தான் தெரியும் அங்கிள். அப்புறம் கட்டிக்குப் பதிலா பையைச் சுட்டுரும்."

"பை இப்பவே வெடிச்சிரும் போல இருக்கு. நீ வேற எதுக்குச் சுடணும்?"

அவள் உள்ளே போய் உருண்டையை இறக்கினாள், விரிப்பை உருவினாள், மெத்தையைத் தூக்கினாள். அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

வைரவன் பெண்சாதி பங்கஜத்தின் முகமும் அதே மஞ்சளாயிற்று. "குலசாமிக்கு ஒத்த ரூவா முடிஞ்சு, மெஷினுக்கிட்ட வைக்கச் சொன்னேன் மதினி. அது நல்லபடியா வேலை செய்யணும்னுதான்."

நல்லபடியாகத்தான் வேலை செய்தது. படத்தில் குழி விழவைத்து அந்த இரும்பு ரூபாயைக் காட்டிக்கொடுத்துவிட்டதே.

முடிச்சை உள்ளே கொண்டுபோனவள் ஆயா அஸ்மத்துன்னிசா. கதவருகில் நின்று ஊரார் அரைஞாணையெல்லாம் கழற்ற வைக்கும் அதே அஸ்மத்துன்னிசாதான். "சாமி காசாச்சே மேடம், அத்தப் போய் இரும்புன்னு நெனைப்பாங்களா? உள்ள போனதும் கைய இஸ்துச்சு. சரி, சாமி ஏத்துக்கினு கீதுன்னு வச்சிட்டு வந்தேன்."

ரூஹி அவளை ஒரு பார்வை பார்த்தாள். முடிச்சைப் பங்கஜத்திடம் இரண்டு கைகளாலும் கொடுத்தாள். இனிக் கூப்பிடுவாள் என்று வைரவன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தான். அவளோ மாப்பிள்ளையை மறுபடி தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்து, கதவைச் சாத்தினாள். தண்ணீர் அடங்க வேண்டுமே.

வைரவனுடையது அடங்கவில்லை. பாத்ரூமுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது திரையில் குழி மறைந்திருந்தது. அவன் பையும் காலியாகியிருந்தது. காலிப் பையோடு படுக்க முடியாது. பத்துப் பேரை அதட்டி வேலை வாங்கும் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரூஹி அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்து, அவனோடு சேர்ந்து குடிக்க ஆரம்பித்தாள்.