கைத் தோலில் ஒரு நாக்கு

டாக்டரம்மா என் தம்பியின் இடது மணிக்கட்டை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "கையை மூடித் தெறங்க, மூடித் தெறங்க" என்றார். அவன் மூடித் திறந்தான். உள்ளங்கை சுண்ணாம்பு பூசினது போல் வெளுத்தது. பிறகு ஒரு விரலை மட்டும் எடுத்தார். சுண்டுவிரல் பக்கமிருந்து சிவப்பு மெல்ல ஊறிக் கை முழுவதும் பரவியது.

"நல்லாயிருக்கு. இந்தக் கைக்கு ஒரு ரத்தக் குழாயே போதும். இன்னொண்ணை நாங்க எடுத்துக்கறோம்."

"எத்துக்குங்க மேடம். திருப்பிக் கூடத் தர வேணாம்" என்றான் தம்பி.

அவன் அப்படித்தான். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டுகிற மில்லில் வேலை. அந்த இரைச்சலில் பழுக்கக் காய்ந்த கம்பி ஓடி வரும்போது "தள்ளு, தள்ளு" என்று கத்தியே தொண்டையைப் பெரிதாக்கிக்கொண்டவன். அனலில் வாய் காயக்கூடாதென்று எல்லோரும் போல இவனும் மாவாப் புகையிலையை இடது பக்கம் அடக்கிக்கொள்வான். அங்கேதான், நாக்கின் ஓரத்தில், ஆறாத புண் வந்தது. ஊசி போட்டு, சதை எடுத்துப் பார்த்து, புற்று என்று பெயர் சொன்னார்கள். பாதி நாக்கை வெட்டியாக வேண்டும் என்றார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கம் நாஷ்டா கடை வைத்திருக்கிறேன். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் வாயிலிருந்து உதிர்கிற பேச்சைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் எனக்கு எழுதவே வந்தது. ஆகவே டாக்டரம்மா சொன்னதையும் எனக்கு விளங்கிய மாதிரியே எழுதுகிறேன். வெட்டின இடத்தைச் சும்மா தைத்தால் மிச்ச நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டிக்கொண்டு அசையாது. அதனால் முன்கையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குத் தோலை எடுப்பார்கள். வெறும் தோலில்லை, அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய், கொண்டுவருகிற குழாய் இரண்டோடும் எடுத்து, நாக்கு மாதிரி மடித்து வாய்க்குள் வைத்து, அந்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். தைக்கிற நூல் தலைமுடியை விட மெல்லிசு.

"வெல்டிங்தான மேடம்? ஒரு லைன கட் பண்ணி இன்னொரு லைன்ல அடிக்கறது" என்றான்.

"வெல்டிங்தான். லீக் ஆகக்கூடாது, அடைக்கவும் கூடாது."

"பேசுவனா?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன், அதைக் கேட்கும்போது சிரிக்கவில்லை. டாக்டரம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "கைத் தோல் மெல்லிசு. நாக்கு வளையற மாதிரி வளையும். கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும், ஆனா பேசுவீங்க. இது பிடிக்கலன்னா நெஞ்சுச் சதையைத்தான் தூக்கி வைக்கணும். அது தடிமன். வாய்க்குள்ள தலகாணி வெச்ச மாதிரி. அப்ப பேச்சு கஷ்டம்."

கையில் எடுத்த இடத்தை மூடத் தொடையிலிருந்து கொஞ்சம் தோல் சீவுவார்கள் என்றும் சொன்னார். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர், வள்ளூரில் கரண்டு கம்பெனியில் காண்ட்ராக்டு வேலை செய்கிறவர், தாடையில் கட்டோடே சொன்னார்: "கைக்கு வாய்க்கு டிரான்ஸ்பரு. தொடைக்குக் கைக்கு டிரான்ஸ்பரு. தொடைல வேகன்சி வுயுதே, அதுக்கு யாரப் போடுவாங்க?" தம்பி கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் முழு நாக்கோடு சிரித்ததில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அவன் சம்சாரம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். பேச்சே கிடையாது. அவர்கள் தெருவில் ஒரு பெண் சொல்வாள், "அந்த ஊட்ல ஒரு வாயி, நாலு காது" என்று. கேட்டால் தலையாட்டுவாள், சிரித்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். அவளுக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். "இன்னாமே, அக்காக்கு டீ போடலயா?" என்பான். "அவ போடறேன்றா, நான்தான் வேணாம்னுட்டேன்" என்றும் அவனே முடிப்பான்.

ஆபரேஷன் முடிந்து வெளியே கொண்டுவந்தபோது அவன் முகம் ஊதியிருந்தது. மூச்சுக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய். வழக்கமாக அந்தக் குழாயை நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டுவார்களாம். இவனுக்கு நாடா இல்லை, தோலோடேயே தைத்திருந்தார்கள். கழுத்துக்குள்தான் அந்த ஒட்டு இருக்கிறது, மேலே எதுவும் அழுத்தக்கூடாது. தலைமாட்டில் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்கள்: கழுத்தில் எதுவும் கட்டக்கூடாது.

முதல் இரண்டு நாள் நர்ஸ் மணிக்கொரு தரம் வருவாள், பிறகு நாலு மணிக்கொரு தரம். டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பாள். ஒரு தடவை எனக்கும் காட்டினாள். ரத்தச் சிவப்பான வாய்க்குள்ளே, கையின் நிறத்தில், என் தம்பியின் கை நிறத்திலேயே, ஒரு துண்டு. சின்ன ஊசியால் அதைக் குத்தினாள். சிவப்பாய் ஒரு சொட்டு எழும்பியது. "பாத்தீங்களா, உயிரோட இருக்கு" என்றாள். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைக் கழுத்தில் வைத்தாள். இட்லிப் பானையில் மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி விட்டு விட்டு வருமே, அந்தச் சத்தம். உஷ், உஷ், உஷ். அது கேட்கிறவரை எனக்கும் மூச்சு வந்தது.

உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள். ஆகவே நானும் அவன் சம்சாரமும் மாற்றி மாற்றி இருந்தோம். அவள் கும்மிடிப்பூண்டி வண்டியில் வருவாள், நான் திருவள்ளூர் வண்டியில். மூன்றாம் நாள் அவள் மத்தியானம் வந்து அவனோடு இருந்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு மகள் வந்துவிடுவாள் என்று கிளம்பினாள். நான் உள்ளே போனேன். அவன் கண் மூடிக் கிடந்தான். குழாயைச் சுற்றிப் பஞ்சும் துணியும். கழுத்து காலையில் பார்த்ததை விட உப்பியிருந்தது. வீங்கித்தான் வடியும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் நர்ஸ் டார்ச்சோடு வந்தாள். வாய்க்குள் பார்த்தவள் நிமிரவில்லை. ஊசியால் குத்தினாள். வந்த சொட்டு நாவற்பழச் சாறு மாதிரி இருந்தது. பேனாக் கருவியை எடுக்கச் சட்டைக் காலரை விலக்கினாள். பஞ்சுக்குக் கீழே, வீங்கின சதையில் புதைந்து, ஒரு கறுப்புக் கயிறு. நடுவில் மஞ்சள் கிழங்குத் துண்டு முடிந்திருந்தது.

"யாரு இதக் கட்னது? இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கோமே, யாருக்கும் கண்ணு தெரியாதா?" கேட்டுக்கொண்டே கத்தரியால் வெட்டினாள். சதையில் கயிறு இருந்த இடம் பள்ளமாய்த் தெரிந்தது.

"எனக்குத் தெரியல சிஸ்டர்" என்றேன். தெரியாமல் என்ன? மத்தியானம் வந்தவள் ஒருத்திதான்.

தள்ளிக்கொண்டு ஓடினார்கள். திரும்பத் திறந்து, ரத்தம் வெளியே வருகிற குழாயில் உறைந்திருந்த கட்டியை எடுத்தார்கள். நிறம் கொஞ்சம் திரும்பியது. அடுத்த நாள் மறுபடி கறுத்தது. அப்புறம் நாற்றம் வந்தது. கைத் தோலை எடுத்துப் போட்டுவிட்டு, நெஞ்சுச் சதையைத் தோலோடு பெயர்த்துக் கழுத்துக்குள் வழியாக மேலே இழுத்து வாயில் வைத்துத் தைத்தார்கள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் கயித்தாலதான்னு நான் சொல்ல மாட்டேன். கயிறு இல்லாமலும் சிலருக்கு அடைக்கும். ஆனா இல்லவே இல்லன்னும் என்னால சொல்ல முடியாது."

"அந்தப் பொண்ணாண்ட சொல்லணுமா மேடம்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பார்த்ததாகத் தோன்றவில்லை. "நான் சொல்லப்போறதில்ல" என்றார்.

ரத்தம் ஓடவில்லை, தோல் பிடிக்கவில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னோம். ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் நின்றுகொண்டு அவளாகவே ஆரம்பித்தாள். "கயிறு கட்டியும் இப்படி ஆயிடுச்சே அண்ணி."

நான் டீ கிளாஸைப் பலகையில் வைத்தேன்.

"எங்க தெரு அம்மன் கோயில்ல மந்திரிச்சி வாங்கியாந்தேன். லூசாத்தான் கட்னேன், ரெண்டு வெரலு உள்ள போவும். சிஸ்டரு பாத்தா அறுத்துடுவாங்கன்னு காலருக்குள்ள தள்ளி உட்டேன்."

"எழுதிப் போட்டிருந்தாங்களேமா."

"துணி, பட்டை, அதத்தான சொல்றாங்க. சாமி கயிறு இன்னா பண்ணும்? நோவு இருக்கற எடத்துலதான கட்டணும். கையில கட்னா கைக்கில்ல போவும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அத கட்டினதாலதான் தோலோட போச்சி அண்ணி. இல்லன்னா உசுரு போயிருக்கும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே அன்றைக்குத்தான். "ஆமாமா" என்றேன்.

அமாவாசைக்குத் திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். நோவு கரையட்டும் என்று. அவனுக்குக் கரண்டு வைத்தார்கள், அதாவது ரேடியேஷன். கன்னம் கறுத்து உரிந்தது. அதற்கு முன்னால் வாய்க்குள் நெஞ்சு முடி முளைத்திருந்தது. மோவாயைப் பிடித்து, செல்போன் லைட்டைப் பல்லிடுக்கில் காட்டி, நகக் கத்தரியால் அவள் வெட்டிவிடுவாள். கரண்டு வைத்த பிறகு அந்த முடியும் கொட்டிவிட்டது.

பேச்சு? உதட்டில் பிறக்கிற எழுத்துகள் மட்டும் தப்பின. ப, ம, வ. நாக்கு மடிய வேண்டியதெல்லாம் ஒரே கூழ். பெற்ற மகளுக்கே புரியாது. சம்சாரத்துக்குப் புரியும். அவன் சொல்லி முடிக்க, இவள் எங்களுக்கு எடுத்துச் சொல்வாள், ஏற்ற இறக்கம் இல்லாமல், ரயில்வே அறிவிப்பு மாதிரி. "'எக்கா, இப்பதான் உன் சாம்பாரு எனக்குப் புடிக்குது, ருசியே தெரியல பாரு'ங்கறாரு." அவன் நக்கல் அவள் முகத்தில் துளியும் இல்லாமல் அவள் வாயில் வரும். நாங்கள் சிரிப்போம். அவன் துண்டால் எச்சிலைத் துடைத்துக்கொண்டு, வந்து சேர்ந்ததா என்று எங்கள் முகத்தைப் பார்ப்பான்.

போன மாதம் செக்கப்புக்கு மூன்று பேரும் போயிருந்தோம். பெஞ்சில் நீள வரிசை. எங்களுக்கு அடுத்து செவ்வாப்பேட்டை அம்மா ஒருத்தி, கணவரை அதே வார்டில் வைத்துப் பார்த்தவள். புதிதாக மகனைச் சேர்க்க வந்திருந்த ஒருத்திக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத. சிஸ்டருங்க சொல்றத மட்டும் கேளு. விபூதி, கயிறு, தாயத்து, எதையும் உள்ள எத்துகினு போவாத. எங்களுக்கு முன்னாடி ஒர்த்தி, புருஷன் கழுத்துல கயிறு கட்டி உட்டுட்டு நைசா போயிகினே இருந்தாளாம். ஒட்டு வெச்ச தோலு மூச்சு முட்டிச் செத்துப்போச்சாம். இன்னிக்கும் அந்த ஆளுக்குப் பேச்சு வராதாம். வார்டுல எல்லாருக்கும் இந்தக் கதைய சொல்லித்தான் உள்ள உடறாங்க."

"அய்யய்யோ, கட்டினவ இன்னா ஆனாளாம்?"

"இன்னா ஆவா? நல்லாத்தான் இருப்பா."

என் தம்பி சம்சாரம் மடியில் இருந்த பையின் வாயைச் சுருட்டினாள். சுருட்டினதைப் பிரித்தாள். மறுபடி சுருட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. தம்பிதான் எழுந்தான். அந்த அம்மாவுக்கு நேரே குனிந்து, கையை நெஞ்சில் தட்டிக்கொண்டு, சத்தமாக ஏதோ சொன்னான். மில்லில் கத்தின அதே சத்தம். வரிசையே திரும்பியது.

அந்த அம்மா மிரண்டு, "இன்னாமா சொல்றாரு உங்க ஊட்டுக்காரரு?" என்றாள்.

எனக்கும் அதற்குள் அவன் பேச்சு பாதி பழகியிருந்தது. "நான்தான் கட்டச் சொன்னேன்." அதைத்தான் சொன்னான். தொண்டையில் குழாயோடு, கையில் கட்டோடு, கண்ணைக்கூடத் திறக்காமல் கிடந்தவன், யாரை என்ன செய்யச் சொல்லியிருக்க முடியும்?

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

"தண்ணி கேக்கறாரு" என்றாள்.

அவன் பாட்டிலைத் தள்ளிவிட்டு மறுபடி அதையே சொன்னான். "வெயிலு, அதான் பேஜாரா இருக்குதுங்கறாரு" என்று சொல்லி, அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி நிற்கிற பிளாட்பாரம் வரை நானும் போனேன். அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் படியில் நின்று திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"டாக்டரு அதுதான்னு சொல்லலமா. இருக்கலாம், இல்லாமயும்..."

"தெரியுமான்னுதான் கேட்டேன்."

"தெரியும்."

எந்த பிளாட்பாரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள் போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள். வண்டி உடனே எடுக்கவில்லை. கம்பிகளுக்கு அப்பால் அவன் முன்னால் குனிந்து அவளிடம் பேசுவது தெரிந்தது. நெஞ்சில் கைவைத்து, அதே வாயசைப்பு, திரும்பத் திரும்ப. அவள் துண்டால் அவன் மோவாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வண்டி நகர்ந்தபோதும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.