குழாயில் ஓர் ஊசித்துளை

அத்தானின் பழைய பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்த அக்கா, அடியிலிருந்து ஒரு வெள்ளைக் குழாய்த் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒரு முனை வளைந்த பிவிசி குழாய். வளைவுக்குக் கொஞ்சம் கீழே, ஓர் ஊசி மட்டும் நுழையக்கூடிய துளை. துளையைச் சுற்றி இளஞ்சிவப்பு நிறத்தில் சுண்ணாம்புபோல ஏதோ இறுகிப் படிந்திருந்தது. "இந்த ஓட்டை என்னத்துக்குலே? துபாய்ல இருந்து வரும்போது எத்தனையோ சாமான விட்டுட்டு வந்தாக. இதை மட்டும் எதுக்குத் துணியில சுத்திக் கொண்டாந்தாக?" என்று கேட்டாள். அத்தான் காலமாகி ஓராண்டு ஆகியிருந்தது. அன்று மாலை தூத்துக்குடியில் அவள் வீட்டில் நினைவு ஜெபம். "காத்து போறதுக்குக்கா" என்று சொல்லிவிட்டுக் குழாயை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அக்காவின் கணவரான இந்த அத்தான் துபாயில் படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தார். இரண்டாயிரங்களின் நடுவில் நான் அல் கூஸில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு வரைவாளனாகப் போய்ச் சேர்ந்தபோது, கேம்பில் படுக்க வேண்டாம் என்று கராமாவில் அவர்கள் குடியிருந்த ஃப்ளாட்டின் ஹாலில் எனக்கு இடம் கொடுத்தார்கள். இடம் கொடுத்த முதல் நாளே, நான் குளித்துவிட்டு வந்ததும் அத்தான் உள்ளே போய்க் குழாயைச் சரியாக மூடியிருக்கிறேனா என்று பார்த்தார். அவர் சுபாவம் அப்படி. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கடையில் அடுக்கின் முன்னால் இருக்கும் பால் பாக்கெட்டை எடுக்கவே மாட்டார், கையை விட்டுப் பின்னால் இருப்பதைத்தான் உருவுவார். "நம்பிக்கை வைக்கணும்னா கர்த்தர்கிட்ட வையி மாப்ள. பாக்கி எல்லாத்தையும் செக் பண்ணு" என்பார். இதை அவர் வேடிக்கையாகச் சொன்னதே இல்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டுக்குள் ஒரு பவளப்பார் வேண்டும் என்று ஆசை வந்தது. எங்கள் கடற்கரையில் கடலுக்கடியில் இருக்கும் பவளப் பாறையைப் பார் என்றுதான் சொல்வோம். அவருடைய அப்பா சங்கு குளித்தவர். மகனுக்கு அந்தத் தண்ணீரில் இறங்க வாய்க்கவில்லை, பாலைவனத்தில் ஏசி அறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் அதைக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்தார். தொட்டியை அல் கூஸில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் செய்யச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை, ஒவ்வொரு லீவிலும் போய்ப் பட்டறைக்காரன் பக்கத்தில் நின்று பசை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் வரைபடத்தை என்னைப் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்த மறுநாள் அதே படத்தை அவரும் தனியாக வரைந்து, இரண்டையும் ஜன்னலில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வெளிச்சத்தில் பார்த்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஏற்பாடு சிக்கலானதில்லை. மேலே ஹாலில் தெரிவது பெரிய தொட்டி. அதன் அடியில் மர அலமாரிக்குள் ஒளிந்திருப்பது சின்னத் தொட்டி. மேல் தொட்டியின் மூலையில் சீப்புப்போலப் பல் வெட்டிய ஒரு கண்ணாடித் தடுப்பு. நிரம்பும் தண்ணீர் அந்தப் பற்களின் இடுக்கில் வழிந்து குழாய் வழியே கீழே இறங்கும். கீழே சுத்தமானதும், ஒரு பம்ப் அதை வேறொரு குழாயில் மேலே ஏற்றும். இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பக்கத்திலேயே இன்னொரு இறங்கு குழாய் வைத்தார். பவளங்களுக்கு நடுவே நீரோட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏறு குழாயின் வாயைத் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கினார். அங்கேதான் ஓர் ஆபத்து இருந்தது. பம்ப் நின்றுபோனால் ஏறு குழாயே தண்ணீரைத் திருப்பி உறிஞ்சிக் கீழே இறக்கத் தொடங்கும். வாய் ஆழத்தில் இருப்பதால் அது லேசில் நிற்காது. கீழ்த் தொட்டி நிரம்பி வழிந்து வீடு நாறிவிடும். இதற்கென்று கடையில் ஒரு வால்வு விற்றார்கள். "வால்வை நம்பி வீட்டை விட முடியாது" என்று அத்தான் அதை ஒதுக்கிவிட்டு, ஏறு குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஊசியைக் காய்ச்சித் துளை போட்டார். பம்ப் நின்று மட்டம் இறங்கியதும் துளை வெளியே தெரியும், அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், உறிஞ்சுவது அறுந்துபோகும். என்னை உட்கார வைத்து, பம்பை அணைத்து, கீழ்த் தொட்டியில் தண்ணீர் ஏறி விளிம்புக்கு முன்பே நிற்பதைக் காட்டினார். அன்று அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தான் கையால் சோதித்த அந்த ஒன்றை மட்டும் அவர் அதற்குப் பிறகு சந்தேகிக்கவே இல்லை.

எங்களுக்கு அங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனை, சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம். ஹால் கொஞ்சம் பெரிது என்பதால் பெரும்பாலும் அக்கா வீட்டில்தான். தொட்டி ஓடத் தொடங்கியபின் நடந்த முதல் கூட்டத்தில், எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக இருந்த நேரத்தில், இறங்கு குழாய் காற்றை விழுங்கிக் 'களக்' என்று ஒரு சத்தம் போட்டது. அசல் கக்கூஸ் தண்ணீர் ஊற்றிய சத்தம். ஆமென் சொன்னதும், பாட்டு நடத்தும் அண்ணன் உள்பக்கம் எட்டிப் பார்த்து, "உள்ள இன்னும் ஆளு இருக்காங்களா, கூப்பிடுங்க, டீ ஆறிரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் போனதும், "ஜெப நேரத்துக்கு மட்டும் அதை அணைச்சு வைங்களேன்" என்று கேட்டாள். "பம்ப் நின்னா பாருக்கு மூச்சு நின்ன மாதிரி. ஜெபத்துல தண்ணிச் சத்தம் ஒனக்குக் கேக்குன்னா நீ ஜெபம் பண்ணலன்னு அர்த்தம்" என்றார் அத்தான். அக்கா சரி என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சில மாதங்கள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் கலைந்து டீ டம்ளர்களை எடுக்கும்போது அலமாரியின் ஓரத்தில் கார்ப்பெட் நனைந்திருந்தது. அத்தான் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு. ஏசித் தண்ணீர் இல்லை என்று ஆயிற்று. அடுத்த வெள்ளியும் நனைந்தது. அதற்கடுத்த முறை வாட்ச்மேன் மேலே வந்துவிட்டார். எங்களுக்குக் கீழே கட்டில்மேல் கட்டில் போட்டுத் தங்கியிருந்த பேச்சிலர்களில் ஒருவனின் படுக்கையில் தண்ணீர் சொட்டியிருக்கிறது. "பாய், பானி நீச்சே கிர்த்தா ஹை. ஏக் பார் அவுர், பஸ், கலாஸ்" என்று கையை உதறிக் காட்டினார். இன்னொரு தடவை கீழே தண்ணீர் விழுந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்பதுதான் அதன் பொருள். வாடகை கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வீடு போனால் வேறு வீடு எடுக்க அத்தானுக்குத் திராணி கிடையாது. "போனா நீயும் பிள்ளையும் ஊருக்குத்தான். நான் பேச்சிலர் ரூம்ல படுத்துக்கிடுவேன்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மகளை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள்.

அதன்பின் அந்த வீட்டில் மூச்சுவிடவே சங்கடமாகிவிட்டது. அத்தான் ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக் கட்டினார். எல்லாம் காய்ந்தே இருந்தன. இணைப்பு கசியவில்லை என்றால் ஆள்தான் காரணம் என்று முடிவு செய்து, அலமாரிக் கதவில் நூல் கட்டினார், தரையில் பவுடர் தூவினார். பாட்டுக்கார அண்ணன் அலமாரியில் சாய்ந்து உட்காருகிறார் என்று அவர் நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். கீழ் வீட்டுப் பையன்களே எங்களைக் கிளப்பிவிட இப்படிச் சொல்கிறார்களோ என்று போய் அவர்களுடைய கூரையையும் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு வந்தார். என்னையும் விடவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் நீ வீட்லயே இருக்கியே மாப்ள, என்ன விசேஷம்?" என்றார். லீவு நாளில் வேறு எங்கே போய்த் தொலைவது என்று வாய் வரை வந்தது. நானும் பதிலுக்கு அவரைச் சந்தேகித்தேன், குழாய் போட்டதில் ஏதோ கோளாறு செய்துவிட்டு அதை மறைக்க ஊரையே குற்றம் சாட்டுகிறார் என்று. அந்தச் சந்தேகக் கணக்கில் சேராத ஒரே ஆள் அக்கா. அவள் சமைத்த சோற்றை மட்டும்தான் அத்தான் முகர்ந்து பார்க்காமல் சாப்பிடுவார்.

கூட்டம் நடக்கும்போதுதான் நனைகிறது, ஆனால் கூட்டத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்று யோசித்தவருக்கு ஒரு நாள் பொறி தட்டியது. ஜெபிக்கும்போது யாரும் பார்ப்பதில்லை. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ஜெபத்துல நீ கண்ணை மூடாத. எப்படியும் நீ தூங்கத்தான செய்யுத" என்றார். ஜெபத்தில் கண்ணைத் திறப்பதை அவர் பாவம் என்றே நினைப்பவர். அதனால்தான் அந்தப் பாவத்தை என் கணக்கில் எழுதினார்.

மறுநாள் ஹால் நிறைந்திருந்தது. ஆண்கள் நாற்காலிகளில், பெண்கள் கார்ப்பெட்டில். அக்கா எப்போதும்போல அலமாரிக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அன்று அவள்தான் ஜெபிக்க வேண்டும். எல்லோரும் கண்ணை மூடி அவரவர் வாய்க்குள் ஸ்தோத்திரம் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்த முணுமுணுப்புக்கு நடுவே அக்காவின் வலது கால் மெல்ல நகர்ந்தது. கண் மூடியிருந்தது, முகம் மேலே உயர்ந்திருந்தது. கால் பெருவிரல் அலமாரிக்குப் பின்னாலிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடிப் போய், தடவி, பம்பின் சுவிட்சை அழுத்தியது. சிவப்பு விளக்கு அணைந்தது, குழாயின் களக் சத்தம் ஓய்ந்தது. பிறகு அக்கா கண்ணீர் வழிய ஜெபிக்கத் தொடங்கினாள். "ஆண்டவரே, இந்தத் தண்ணிய நிறுத்தும். இந்த வீட்டை எங்ககிட்ட இருந்து எடுத்துராதிரும். என்னையும் பிள்ளையையும் இவுகள விட்டுப் பிரிச்சிராதிரும்."

அவள் ஜெபித்துக்கொண்டிருக்க, அலமாரியின் அடியிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கார்ப்பெட்டுக்கு வந்தது. இதை அத்தானிடம் எப்படிச் சொல்வது, சொல்லாவிட்டால் வீடு என்ன ஆகும் என்று நினைத்தபடி தலையைத் தூக்கினேன். எதிரே அத்தான் உட்கார்ந்திருந்தார். அவர் கண்களும் திறந்திருந்தன. என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, என்னையும் நம்பாமல் தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பார்வை அக்காவின் காலில் இருந்தது. பின்பு அவள் முகத்துக்கு ஏறியது. அவள் சொல்வதை முழுவதும் கேட்டார். எழுந்து கத்தப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வேண்டாம் என்பதுபோலத் தலையை மிக லேசாக ஆட்டினார், கண்களை மூடிக்கொண்டார். ஆமென் சொன்னதும் பெருவிரல் மறுபடி போய்ச் சுவிட்சைப் போட்டது.

டீ கொடுக்கும் முன்பே நானும் அவரும் துண்டை வைத்து ஒற்றி எடுத்துவிட்டோம். நல்ல வேளையாக அன்று கீழே இறங்கவில்லை. எல்லோரும் போனபின் அத்தான் ஏறு குழாயின் மேல்துண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பவளத்தோடு வந்த சுண்ணாம்புப் பாசி அந்த ஊசித்துளையை அடியோடு மூடியிருந்தது. காற்றுப் போக வழியில்லை, அதனால் உறிஞ்சுவது நிற்கவே இல்லை. அவர் தன்னைத்தானே திட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "அவளாலதான் தண்ணி வந்துச்சுன்னு அவகிட்டச் சொல்லாத மாப்ள. அப்புறம் அவ ஜெபம் பண்ணவே பயப்படுவா" என்று மட்டும் சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளியும் கூட்டத்துக்கு ஆட்கள் வருவதற்குள் ஒரு சேஃப்டி பின்னை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நிற்பார். துளையைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்வார். "என்ன பண்ணுதிய?" என்று அக்கா கேட்டால், "சும்மா, செக் பண்ணுதேன்" என்பார். அவள் விரல் பம்பை அணைக்கும், மட்டம் இறங்கும், துளை காற்றை இழுக்கும், தண்ணீர் விளிம்புக்கு முன்பே நிற்கும். தரை அதன்பின் நனையவே இல்லை.

சில வாரங்கள் கழித்து அக்கா கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னாள். எத்தனை ரிப்பேர் பார்த்தும் நிற்காத கசிவை ஆண்டவர் ஜெபத்தால் நிறுத்தினார் என்றாள். எதையும் செக் பண்ணாமல் நம்பாத அத்தான், எல்லோருக்கும் முன்பாக உரக்க ஆமென் சொன்னார். அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பும்வரை அந்த வீடு அவர்களிடமே இருந்தது. பவளங்களை ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இந்தத் துண்டை மட்டும் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறார்.

இவ்வளவையும் அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று அன்று பகலெல்லாம் குழாயைப் பையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியுமோ என்றும் ஒரு சந்தேகம் உள்ளே ஓடியது. அந்த மனிதரோடு இருந்து எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது. மாலையில் சொந்தக்காரர்கள் வந்து தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். வீட்டில் தொட்டியும் இல்லை, பம்பும் இல்லை. ஃபேன்கூட ஓடவில்லை, கரண்ட் போயிருந்தது. சபைப் போதகரான ஐயர் ஜெபிக்கத் தொடங்கியதும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்காவின் வலது கால் மெல்ல நகர்ந்தது. நரம்பு புடைத்த அந்தக் கால் பெருவிரல் வெறும் தரையைத் தடவித் தடவி எதையோ தேடியது. ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே நின்றது. அவள் கண்கள் மூடியே இருந்தன, தோள் குலுங்கியது.

நான் சட்டைப் பையில் இருந்த குழாயைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.