வெள்ளையில் பதினோரு வகை

காரைச் சுற்றி இரண்டாவது முறை நடந்து வருகிறார் நிபுணர். கைகள் முதுகுக்குப் பின்னால், தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்கள் பாதி மூடி. கார் வாங்க வந்த தம்பதி மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். மூன்றாவது சுற்றும் முடிந்த பிறகு பின்கதவருகே நின்று, கணவனை விட்டுவிட்டு மனைவியிடம் கேட்கிறார்: "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க கண்ணுக்கு இது எப்படித் தெரியுது?"

அந்த அம்மாள் கொஞ்சம் கூச்சத்தோடு, "அரக்கு மாதிரி..." என்று இழுக்கிறார்.

"அரக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது" என்று தலையசைக்கிறார் நிபுணர். "அரக்குல ஆரம்பிச்சு வேற எங்கயோ போகுது பாருங்க. எங்க போகுதுன்னு வெயில்ல நிறுத்தினாதான் தெரியும்."

வெயிலில் நிறுத்தினார்கள். அது வேறெங்கேயோ போவது அந்த அம்மாளுக்கு நன்றாகவே தெரிந்தது. அரை மணி நேரத்தில் கார் விலை போயிற்று.

இருபத்து நான்கு வருஷமாக இதே ஷோரூமில் இதே வேலை. அவருக்கு வேறொரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் தெரியும். மற்றபடி மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் நிபுணர்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு மேனேஜர் அவரைக் காட்டிப் பாடம் நடத்துவார். "கவனிங்க. வாடிக்கையாளரை முதல்ல பேச விடறார். இதுதான் மனசைப் படிக்கிற வித்தை." வாடிக்கையாளர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

உள்விஷயம் வேறு. நிபுணரின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒரே ஜாடை. நீலத்தைப் பளிச்சென்று பிடித்துவிடுவார், மஞ்சளும் தப்பாது. மற்றதெல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். எது அண்ணன், எது தம்பி என்று யாராவது சொன்னால்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு மரம் வரைந்து, அடிமரத்துக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் பூசினார். ஓவிய வாத்தியார் காதைத் திருகி, "இது எந்த உலகத்து மரம்டா?" என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைத்தார். இனி எந்த நிறத்தையும் முதலில் தன் வாயால் சொல்வதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவில்தான் பிழைப்பு ஓடுகிறது.

இப்படிப்பட்ட மனிதர் ஏன் கார் விற்கப் போனார், அரிசி விற்கப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். வேலை கிடைத்த இடம் அதுதான். அதோடு, நடுவில் பன்னிரண்டு வருஷம் காலமும் அவர் பக்கம் நின்றது.

ஊருக்கெல்லாம் திடீரென்று வெள்ளைப் பைத்தியம் பிடித்தது. சிவப்புக் கார் வைத்திருந்தவர் வெட்கப்பட்டு விற்றார். பச்சைக் காரைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். வெள்ளை, வெள்ளி, சாம்பல், மிஞ்சிப்போனால் கறுப்பு. ஷோரூம் மாடியிலிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம் மாத்திரை அட்டை மாதிரி இருக்கும். "உலகமே சப்புன்னு போச்சு" என்று மற்ற விற்பனையாளர்கள் அலுத்துக்கொண்டார்கள். நிபுணரோ பூரித்துப் போனார். மற்றவர்கள் கடைசியாக அவர் பார்க்கிற உலகத்துக்கே குடிவந்து சேர்ந்திருந்தார்கள். அந்த உலகத்தில் அவருக்கு இருந்த பழக்கம் வேறு யாருக்கும் இல்லை.

"வெள்ளையில பதினோரு வகை இருக்கு சார்" என்று ஆரம்பிப்பார். "பால் வெள்ளை, பல் வெள்ளை, முட்டை ஓட்டு வெள்ளை, சலவை வெள்ளை... நீங்க கேக்கறது எது?" இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஒருமுறை இருபதடி தூரத்தில் நின்றே, "அந்த இடது கதவு வேற வண்டியோடது" என்றார். தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து கருவி வைத்து அளந்து பார்த்ததில் கதவு மாற்றப்பட்டது நிஜம்தான். அந்த வருஷ ஆண்டு விழாவில் 'வண்ணக் களஞ்சியம்' என்று பொறித்த கேடயத்தைக் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் தலைகுனிந்து நின்றதை எல்லோரும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கார் எப்படியோ வீடும் அப்படி. சுவர் சாம்பல், சோபா சாம்பல், திரை வெள்ளை என்று உறவுக்காரர்கள் வீடுகள் எல்லாம் வெளுத்துப் போயின. மைத்துனர் புதுவீட்டுக்குக் கூட்டிப்போனால், நிபுணர் கூடத்தின் நடுவில் நின்று, "இந்தச் சுவர்ல ஒரு சொட்டு மஞ்சள் கூடிடுச்சு" என்பார். பெயின்டரைக் கூப்பிட்டுக் கேட்டால் அவரும் தலையைச் சொறிந்துகொண்டு ஆமாம் என்பார். மைத்துனருக்கு மச்சானைப் பற்றி ஒரே பெருமை.

அந்தப் பொற்காலம் போன வருஷம் ஒரு கேட்லாக்கோடு முடிந்தது. புது மாடல்களின் நிறங்கள்: ஆலிவ் பச்சை, செங்கல், செம்பு, காப்பிக்கொட்டை. உலகத்தில் எத்தனையோ நிறம் இருக்க, அவருக்கு ஆகாத நாலையும் பொறுக்கி எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. "மக்களுக்கு வெள்ளை சலிச்சுப் போச்சாம். நல்லா இருக்கிறது எது சலிக்காம இருந்திருக்கு?" என்று காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று புலம்பினார். ஷோரூமில் சமாளித்துவிட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் சேஸிஸ் நம்பர் இருக்கிறது. பட்டியலில் அதற்கு நேரே நிறமும் எழுதியிருக்கிறது. வீட்டுச் சுவருக்கு ஏது சேஸிஸ் நம்பர்?

வீட்டில்தான் உண்மையான ஆபத்து இருந்தது. அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு, ஜன்னல் திரையும் சோபா உறையும் தைத்துக் கொடுக்கிறவர். கெட்டிக்காரி, கைவேலையில் ஒரு நூல் பிசகாது. நிறம் என்று வந்துவிட்டால் மட்டும், "எங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்பார். நிபுணர் துணியை விரலால் வருடி, தூக்கிப் பிடித்து, "நல்லா விழுது" என்பார். இருபத்திரண்டு வருஷமாக மனைவி அதைச் சம்மதம் என்று வைத்துக்கொண்டு கத்தரியை எடுத்துவிடுவார். ஷோரூமில் குட்டு உடைந்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் உடைந்தால் இத்தனை வருஷ நம்பிக்கையும் போய்விடுமே என்பதுதான் நிபுணரின் பயம்.

வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக முன்னறையின் பெரிய சுவருக்கு மட்டும் புது ஃபேஷனில் வெளிர்பச்சை அடிக்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. உள்ளறைக்குப் புழுதி படிந்த மாதிரி ஒரு ரோஸ். இரண்டு டப்பாக்களும் வந்து இறங்கின. மனைவி மூன்று நாள் தன் அக்கா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பெயின்டர் இன்று, நாளை என்று ஏய்த்தார். மனைவி வந்து பார்க்கும்போது அசந்து போகட்டும் என்று நிபுணரே உருளையைக் கையில் எடுத்தார்.

எந்த டப்பா எது என்று மூடிகளில் எழுதியிருந்தது. அவர் கண்ணாடி போடாமல், அதைப் படிக்காமலே இரண்டு மூடிகளையும் கழற்றி, டப்பாக்களைத் தனித்தனியாகக் கலக்கிவிட்டு, மூடிகளைப் பக்கத்தில் ஒன்றாக அடுக்கி வைத்தார். அவர் கண்ணுக்கு இரண்டு டப்பாவிலும் ஒரே சாம்பல்தான். பெரிய சுவர் ஆயிற்றே, கடைக்காரன் பச்சையை இரண்டு டப்பாவாகக் கொடுத்திருக்கிறான், ரோஸ் பின்னால் வரும்போலிருக்கிறது என்று மனசுக்குள் தீர்மானம் செய்துகொண்டார். முதல் டப்பா பாதிச் சுவரோடு தீர்ந்தது. இரண்டாவது கொஞ்சம் வெளிறித் தெரிந்ததால் இன்னொரு பூச்சு கொடுத்தார். இணைப்பு தெரியக்கூடாது என்று ஈரத் துணியால் மணிக்கணக்காக ஒற்றி ஒற்றி இழைத்தார். முடிந்ததும் பின்னால் நகர்ந்து பார்த்தார். ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

மனைவி பையோடு உள்ளே வந்தார். அவர் வந்துவிட்டாரா என்று காத்திருந்த மாதிரி, கிளினிக்குக்குத் திரை தைக்கச் சொல்லியிருந்த பல் டாக்டரம்மாவும் பின்னாலேயே வந்தார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"எப்படி?" என்றார் நிபுணர்.

மனைவி பையைக் கீழே வைத்தார். பழக்கதோஷத்தில், "நீயே சொல்லு. உன் கண்ணுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டுவிட்டார்.

மனைவி மெதுவாகச் சொன்னார்: "பாதி பச்சை. பாதி ரோஸ்."

மனைவி சுவரைப் பார்த்தார், புருஷனின் முகத்தைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "இப்ப வர்ற புது மாதிரிங்க டாக்டரம்மா. இவரோட யோசனை."

"ஒன்னு இன்னொன்னுல எப்படிக் கரையுது பாருங்களேன்!" என்றார் டாக்டரம்மா, இணைப்பைத் தொட்டுக்கொண்டே. "எங்க பேஷன்ட்ஸ் உக்கார்ற ரூமுக்கும் இதே மாதிரி வேணும். சாரே வந்து போட்டுக் கொடுக்கணும். திரையும் பாதி பாதி!" வீட்டு வாசலில் நின்ற தன் வெள்ளைக் காரில் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனார்.

கதவு சாத்தப்பட்டது. மனைவி மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"பொறந்ததுல இருந்து."

"அதைக் கேக்கலை. எங்கிட்ட மறைச்சது."

"கல்யாணத்துல இருந்து."

"அப்ப போன மாசம் நீங்க பார்த்துச் சரின்னு சொன்ன வக்கீல் வீட்டுத் திரை?"

"துணி நல்லா விழுந்தது" என்றார் நிபுணர், தரையைப் பார்த்துக்கொண்டு.

மனைவிக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த நொடியே கண்ணும் கலங்கியது. கோபம்தான் அதிகம். "முதல்முதலா பார்த்த அன்னிக்கு, பச்சை உனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தைக்காகப் பீரோ முழுக்கப் பச்சையா வாங்கி அடுக்கி வச்சிருக்கேன். அதுவும் பொய்யா?"

"பச்சைன்னு எங்க அக்கா சொல்லித்தான் தெரியும்" என்றார் நிபுணர். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தார். "எடுப்பா இருந்தது எனக்கே தெரிஞ்சது. அதை யாரும் சொல்லித் தரலை."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கார் பின்வாங்குகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"எனக்குப் பச்சையே பிடிக்காது" என்றார் மனைவி கடைசியில். "உங்களுக்காகத்தான் கட்டினேன். இருபத்திரண்டு வருஷம்!"

"ஐயோ" என்றார் நிபுணர்.

மனைவி மெஷின் இழுப்பறையைத் திறந்து, துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்தார். கட்டியிருந்த புடவையின் முந்தானை ஓரத்தை மடித்துத் தொடை மேல் பரப்பிக்கொண்டு, திரைக்கு அளவு எழுதுகிற அதே கவனத்தோடு ஏதோ எழுதினார். எழுந்து வந்து முந்தானையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். நிபுணர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அதில் இருந்த ஒரே வார்த்தையை வாய்விட்டுப் படித்தார்: "பச்சை."