சாமி தடுத்த வாசற்படி

நான் ஒரு பையனின் கல்யாணத்தைக் கெடுத்தவள். பழியைத் தூக்கிச் சாமியின் தலையில் போட்டேன்... உங்களிடமாவது சொல்லித் தொலைக்கிறேன்.

எங்களுக்கு ஏற்காட்டு மலையில், கரடியூரில் கொஞ்சம் காப்பித் தோட்டம். என் கணவருக்கு நடுக்குவாதம். வெட்டவெளியில் நன்றாக நடப்பார். வாசற்படியைக் கண்டால் போதும், கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஊருக்குத் தெரியாமல் மறைத்தேன். மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. நோய்க்காரர் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

கிளியூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். வாசற்படியில் நின்றார். நின்றவர் நின்றவர்தான்! உள்ளே வரச்சொல்லி அழைத்து அழைத்து அவர்களுக்குத் தொண்டை வறண்டது. அவர்கள் வீட்டு நாய்கூட உள்ளேயும் வெளியேயுமாகப் போய்வந்தது. காப்பி ஆறி ஆடை கட்டியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் சும்மா இருந்ததா?

"சாமிகிட்ட உத்தரவு கேக்கறாருங்க" என்றேன்.

அவ்வளவுதான்! எல்லோரும் கைகூப்பினார்கள். மாப்பிள்ளையின் அம்மா கற்பூரம் ஏற்றினார். நோயால் இறுகிப்போன இவர் முகமும் சிலைபோலவே இருந்தது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! வேறு வழியின்றி இவரை மெல்லத் தெருப்பக்கம் திருப்பினேன். மனிதர் விடுவிடுவென்று நடந்துவிட்டார்.

சாமியே அந்த வீட்டை வேண்டாமென்றுவிட்டதாக மலை முழுக்கப் பேச்சு. அருள் உள்ள வீட்டுப் பெண் என்று என் மகளை வெள்ளக்கடை ஊரில் விரும்பிக் கேட்டுக் கட்டினார்கள். கிணறு வெட்டுகிறவர்கள்கூட எங்கே தண்ணீர் என்று அறிய இவரை அழைத்துப் போய் நிறுத்திப் பார்த்தார்கள். தடுத்தேனா? கொடுத்த தாம்பூலத்தை வாங்கிக்கொண்டேன். அந்தக் கிளியூர்ப் பையனுக்கு மட்டும் ஒருவரும் பெண் கொடுக்கவில்லை...

சில வருஷம் கழித்து, ஏற்காடு பஸ் நிலையத்தில் இவர் பஸ் படிக்கு எதிரே உறைந்து நின்றார். ஓடிவந்தவன் அவன்தான். தலையில் நரை விழுந்திருந்தது. தன் காலை இவருக்கு முன்னால் குறுக்கே வைத்துத் தாண்டச் சொன்னான். தாண்டினார், அதே வீச்சில் படியும் ஏறிவிட்டார். வழியில் கட்டை கிடந்தால் இவர் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறானாம்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "ஏனுங்க அத்தை, அன்னைக்கு எங்க ஊட்டு வாசல்ல நான் இப்படிக் கால வெச்சிருந்தா, மாமா உள்ள வந்திருப்பாருங்களா?"

அந்தக் குரலில் கோபமே இல்லை. 'ஆமாம் கண்ணு' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பஸ்ஸுக்குள்ளிருந்து இவர் கூப்பிடுகிறார், கண்டக்டர் விசில் ஊதுகிறார், நான் படியருகே அசையாமல் நிற்கிறேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லை.