ஐம்பத்தேழாம் சாரத்தில் ஒரு பச்சை அட்டை

ஐகில் சாரத்தில் ஏறுவதே இல்லை என்ற பேச்சு, டென்மார்க்கில் ஒரு தீவன ஆலையின் சாப்பாட்டு அறையில், இரண்டு காபிக்கும் ஒரு துண்டு கறுப்பு ரொட்டிக்கும் நடுவே பிறந்தது. யார் பெற்றார்கள் என்று தெரியாது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்த ஆள் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறாராம், உடனே பச்சை அட்டை தொங்கிவிடுகிறதாம். பச்சை தொங்கினால் ஏறலாம். சிவப்பு தொங்கினால் சாரம் கட்டுகிறவர்களையும் சோதிக்கிறவரையும் தவிர ஒரு ஈ காக்கை ஏறக் கூடாது. சாரங்களைச் சோதித்துப் பச்சை கொடுப்பதற்குத்தான் ஐகிலுக்குச் சம்பளம்.

பேச்சு போடில் க்ரோவின் காதுக்கு வந்தபோது புதன்கிழமை. வருகிற திங்கட்கிழமை அவரும் மாலெனெயும் ஐம்பத்தேழாம் எண் சாரத்தில், பதினான்கு மீட்டர் உயரத்தில் நின்று, நீராவிக் குழாய்களுக்கு உறை போட வேண்டும். மாலெனெக்கு முப்பது வயது. எப்போதும் முதலில் ஏறுகிறவள், எதையும் பார்க்காமல் ஏறுகிறவள்.

போடிலுக்கு ஐம்பத்து நான்கு. சைக்கிளுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் வேறு வேறு பையில். கணவர் “நல்ல காலை” என்றால்கூட ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்வார். பிறவியிலேயே இப்படி இல்லை. இருபத்து மூன்று வயதில், கப்பல் கட்டும் துறையில், “பார்த்தாச்சு, ஏறு” என்று யாரோ சொன்ன பலகை மீது கால் வைத்தார். பலகை கட்டப்படாமல் கிடந்தது. விழுந்தது மூன்றே மீட்டர்தான். இன்றும் இடது மணிக்கட்டால் ஒரு குழாயைத் திருகி மூட முடியாது. அன்றிலிருந்து “பார்த்தாச்சு” என்று யார் சொன்னாலும், “எவனும் பார்க்கவில்லை” என்றுதான் அவர் காதில் விழும். ஆலைக்காரர்கள் அவரை மூன்று முறை பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகப்படுவதை ஒருத்தி சும்மாவே செய்து தரும்போது யார் விடுவார்கள்?

ஐம்பத்தேழில் சிவப்பு அட்டை தொங்கியது. ஆகவே தானே ஏறிப் பார்க்க வழியில்லை. விதியை மீறுவது போடிலின் ரத்தத்தில் இல்லை. வியாழக்கிழமை மதியம், தரையில் நின்றபடியே, முதல் ஏணியின் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு கண்ணாடி டேப்பை ஒட்டினார். ஏறுகிறவன் அறுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தார். பச்சை அட்டை தொங்கியது. ஐகிலின் பெயர், தேதி, எல்லாம் இருந்தன. டேப் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் அப்படியே இருந்தது.

பச்சையைக் கழற்றிச் சிவப்பை மாட்டிவிட்டு, நேரே சாப்பாட்டு அறைக்கு நடந்தார். ஐகில் ஊறுகாய் மீனை ரொட்டிமேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஐகில், அம்பத்தேழுல ஏறினியா?”

“அம்பத்தேழா? நான் எதுக்கு அதுல ஏறணும்?”

“கேட்டுக்கங்கப்பா. அவனே சொல்லிட்டான். ஏறாமலே பச்சை. திங்கக்கெழம மாலெனெ விழுந்தா, பூவ அவளுக்கு வைக்கிறதா, உன் முழங்காலுக்கு வைக்கிறதா?”

ஐகில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். தான் சோதித்தது எழுபத்தைந்து என்றார். உச்சிவரை பதினோரு ஏணி ஏறியதாகவும், தீவனம் கொட்டிவைக்கும் சைலோ கோபுரத்தின் கூரை ஓரத்தில் கடற்காகம் கூடு கட்டியிருப்பதாகவும், அது மேலே போனால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

“மூணு குஞ்சு. தாய்க்காரி என் தொப்பியில பேண்டுட்டா. சந்தேகமா இருந்தா மோந்து பாரு.”

போடில் மோந்து பார்க்கவில்லை, எழுபத்தைந்துக்குப் போனார். அங்கே இன்னும் சிவப்பு. சாரம் கட்டும் மேஸ்திரி ப்ரெபெனை ஏறச் சொன்னார். ப்ரெபென் இறங்கி வந்து, கூடு இருப்பது நிஜம், ஆனால் குஞ்சு இரண்டுதான் என்றார். இரண்டா மூன்றா என்று போடில் அந்த இடத்திலேயே குறித்துக்கொண்டார். பிறகு ஐம்பத்தேழைப் பற்றிக் கேட்டார். மேஸ்திரியின் முகம் மாறியது.

“அதுக்கு யாரு பச்சை மாட்டினது? மேல்தட்டுல தடுப்புக் கம்பியே இன்னும் போடல. பலகையும் கட்டல.”

பின்னால் வந்து நின்றிருந்த மாலெனெ ஒன்றே ஒன்று சொன்னாள். “நான் ஏறியிருப்பேன்.”

நடந்தது இதுதான். ஐகில் ஏணி ஏறுவார். முழங்காலை மிச்சம் பிடிப்பது தரையில். அட்டை வாங்க அலுவலகம்வரை இருநூறு மீட்டர் நடந்து திரும்ப அலுத்துக்கொண்டு, உச்சியிலிருந்தே அலுவலகத்தில் இருக்கும் தோவெக்கு போன் செய்து எண்ணைச் சொல்லிவிடுவார். தோவெ எழுதி மாட்டுவார். வதந்தி முழங்காலைச் சரியாகப் பிடித்தது, இடத்தைத்தான் தவறவிட்டது. டேனிஷ்காரர்கள் எழுபத்தைந்து என்று சொல்வதில்லை. “ஐந்தும் எழுபதும்” என்பார்கள். அவசரக் கை முதலில் கேட்ட ஐந்தை முதலில் எழுதும், எழுபதின் ஏழைப் பிறகு எழுதும்; ஐம்பத்தேழு ஆகிவிடும். அந்த நாட்டில் பாதிக் கடிதங்கள் பக்கத்து வீட்டுக்குப் போவது இப்படித்தான். இந்த முறை போனது ஓர் உயிருக்கான அனுமதி.

இப்போது ஏறுகிற கைதான் அட்டையை மாட்ட வேண்டும். எண்ணை “ஏழு, ஐந்து” என்று உடைத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் போடில் போட்ட விதிகள். ஐம்பத்தேழுக்குக் கம்பி வந்து, பலகை கட்டி, ஐகில் ஏறி இறங்கிய பிறகுதான், செவ்வாய்க்கிழமை, மாலெனெ ஏறினாள். அன்று போடிலுக்குப் பின்னால், இரண்டாவதாக.

வேலையில் தவறியவர் வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஆலையின் வழக்கம். தோவெ ஒன்று கொண்டுவந்தார், மேலே பழுப்புச் சர்க்கரை உருகி வழிய. ஐகில் முணுமுணுத்துக்கொண்டே ஒன்று கொண்டுவந்தார். நிறைந்த அறையில் ஒரு மனிதனைப் பொய்யன் ஆக்கியதற்கு மூன்றாவது கேக் போடிலுடையது என்று எல்லோரும் சொல்கிறார்கள். டேப் பொய் சொல்லவில்லை என்கிறார் போடில். தவிர, இரண்டா மூன்றா என்பது இன்னும் தீரவில்லையாம்.

ஐந்து வெள்ளி போய்விட்டது. காபி நேரத்தில் ஐகில் கதவைப் பார்க்கிறார். போடில் வெறுங்கையோடு வந்து, அவருக்கு எதிரிலேயே உட்காருகிறார்.